ரீஸ்டார்ட்டும் ஷட் டவுனும் ஒன்றல்ல

"ரீஸ்டார்ட் எல்லாம் வேஸ்ட், ஷட் டவுன் பண்ணி ஆன் பண்ணுங்க, அப்பதான் எல்லாம் கிளியர் ஆகும்" என்று கம்ப்யூட்டர் தகராறு செய்யும்போது சிலர் சொல்வதுண்டு. விண்டோஸ் 10, 11-இல் பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர் எதிர்.

2012-இல் விண்டோஸ் 8 வந்தபோதே கம்ப்யூட்டரைச் சீக்கிரம் ஆன் ஆக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியும் வந்துவிட்டது. அது ஆனில் இருந்தால், ஷட் டவுன் கொடுக்கும்போது நீங்கள் திறந்து வைத்த புரோகிராம்கள்தான் மூடப்படும். கெர்னலும் (விண்டோஸின் மையப் பகுதி) டிரைவர்களும் (வைஃபை போன்ற பாகங்களை இயக்கும் மென்பொருள்கள்) இருந்த நிலையிலேயே ஒரு ஃபைலில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அப்படியே திரும்ப ஏற்றப்படும். வைஃபை டிரைவர் முரண்டு பிடித்தால் அந்த முரண்டும் கூடவே வரலாம். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

சந்தேகம் இருந்தால் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபாமன்ஸ், அதில் சிபியு, கீழே 'அப் டைம்' (கடைசியாகப் புதிதாகத் தொடங்கியதிலிருந்து ஓடிய நேரம்) பாருங்கள். தினமும் ராத்திரி ஷட் டவுன் செய்கிற லேப்டாப்பில்கூட அது நாள்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். (இதைப் பார்த்து வைரஸ் என்று பதறுபவர்களும் உண்டு. வைரஸ் இல்லை.)

ஷட் டவுன்தான் செய்வேன் என்றால், ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடித்தபடி அதைக் கிளிக் செய்யுங்கள். அந்த ஒரு முறை முழுதாக அணையும். நிரந்தரமாக வேண்டுமானால் கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், பவர் பட்டன் செட்டிங்கில் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிடலாம். எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பு டிரைவ்) உள்ள மெஷினில் ஆன் ஆகும் வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஹைபர்னேட்டையே (இருக்கும் நிலையை ஃபைலில் சேமித்துவிட்டு அணையும் வசதி) ஆஃப் செய்து வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அங்கே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வேலை செய்யாது.