இரண்டாவது பேட்டரி: ஒரு ஃபியூஸ் போதாது
வண்டியின் முன் பேட்டரியோடு, பின்னால் வைக்கும் இரண்டாவது பேட்டரியை இணைக்கும் வயருக்கு "முன் பேட்டரி பக்கம் ஒரு ஃபியூஸ் போட்டால் போதும், பின்னாடி வேண்டாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்துவிடாதீர்கள். சாதாரண வயரிங்கில் மின்சாரம் ஒரு பக்கத்திலிருந்துதான் வரும். இங்கே வயரின் இரண்டு முனையிலும் பேட்டரி இருக்கிறது. மேடு பள்ளத்தில் குலுங்கிக் குலுங்கி, ஃபயர்வால் (எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவில் உள்ள தகரத் தடுப்பு) ஓட்டையின் விளிம்பில் இன்சுலேஷன் தேய்ந்து செம்பு பாடியைத் தொட்டால், முன் ஃபியூஸ் போய்விடும். பின் பேட்டரி? அது நூற்றுக்கணக்கான ஆம்பியரை அதே இடத்தில் கொட்டிக்கொண்டே இருக்கும். வயர் பழுத்து, பக்கத்துக் கார்பெட் பற்றிக்கொள்ளும்.

இரண்டு பாசிட்டிவ் முனைக்கும் ஒட்டினாற்போல் ஆளுக்கொரு ஃபியூஸ் போடுங்கள். அதன் ரேட்டிங் வயர் தாங்கும் ஆம்பியரைத் தாண்டக் கூடாது. ஓட்டையில் ரப்பர் குரோமெட்டும் (விளிம்பில் வயர் உரசாமல் காக்கும் வளையம்) கட்டாயம்.

"ஐசொலேட்டர் (இரண்டு பேட்டரியையும் தேவைப்படும்போது இணைத்து, மற்ற நேரம் பிரித்து வைக்கும் சாதனம்) இருக்கே" என்பதும் பதில் ஆகாது. வோல்டேஜ் பார்த்து வேலை செய்யும் வகை, எஞ்சின் ஓடி சுமார் 13.3 வோல்ட் வந்ததும் இரண்டையும் இணைத்துவிடும். அது இரண்டையும் பிரித்து வைத்திருக்கும்போதும் ஐசொலேட்டரிலிருந்து பின் பேட்டரி வரை உள்ள வயர் உயிரோடுதான் இருக்கிறது.

ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் (வோல்டேஜைத் தானே கூட்டிக் குறைக்கும் வகை) உள்ள வண்டிக்கு டிசி-டிசி சார்ஜர் (வரும் வோல்டேஜைப் பின் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுப்பது) வேண்டும் என்று அதே நபர் சொன்னது சரி. அதற்கும் இதே இரண்டு ஃபியூஸ்தான்.