பப்புவாவைக் கேட்காமல் போட்ட கையெழுத்து

1966இல் எம்.எஸ். சுப்புலட்சுமி ஐ.நா. சபையில் பாடியது நமக்கெல்லாம் தெரியும். அந்தக் கச்சேரி நடக்க முக்கியக் காரணமாக இருந்தவர் சி.வி. நரசிம்மன். சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்துவிட்டு ஐ.நா.வுக்குப் போய், பொதுச்செயலாளர் ஊ தாண்டுக்கு மிக நெருக்கமான இடத்தில் வேலை பார்த்தவர். அவர் பெயரை மறுபடியும் பார்த்தது மேற்கு பப்புவா பற்றிப் படித்தபோதுதான்.

1949இல் இந்தோனேசியாவை விட்டுக் கிளம்பிய டச்சுக்காரர்கள், நியூ கினித் தீவின் மேற்குப் பாதியை, அதாவது மேற்கு பப்புவாவை, மட்டும் விடவில்லை. பப்புவா மக்களைத் தன்னாட்சிக்குத் தயார் செய்கிறோம் என்றார்கள். 1961 டிசம்பர் 1 அன்று அதன் தலைநகர் ஹாலந்தியாவில், நீல வெள்ளைக் கோடுகளும் சிவப்புப் பட்டையில் ஒற்றை வெள்ளை நட்சத்திரமும் கொண்ட விடிவெள்ளிக் கொடி டச்சுக் கொடிக்குப் பக்கத்தில் ஏறியது. இந்தோனேசிய அதிபர் சுகர்ணோவோ சோவியத் ஆயுதங்களை வாங்கிக் குவித்துக்கொண்டு, இந்த மண் எங்களுடையது என்று நின்றார்.

டச்சு வெளியுறவு அமைச்சர் லூன்ஸ் நம்பியது அமெரிக்காவை. நேட்டோ கூட்டாளி, அதோடு சுகர்ணோ படைபலத்தில் இறங்கினால் எதிர்ப்போம் என்று 1958இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டல்லஸ் உறுதியும் கொடுத்திருந்தார். ஆனால் டல்லஸ் அடுத்த ஆண்டே இறந்துவிட்டார். அப்புறம் வந்த கென்னடிக்கு, இந்தோனேசியா மாஸ்கோ பக்கம் போய்விடக் கூடாது என்பதே பெரிய கவலை. 1962 பிப்ரவரியில் தம்பி ராபர்ட் ஜகார்த்தாவுக்கும் ஹேக் நகருக்கும் போனார், மார்ச்சில் வர்ஜீனியாவில் மிடில்பர்க் பக்கம் ஒரு பண்ணை வீட்டில் அமெரிக்க ராஜதந்திரி எல்ஸ்வொர்த் பங்கர் முன்னிலையில் பேச்சு தொடங்கியது, ஏப்ரலில் டச்சுப் பிரதமருக்குக் கென்னடியே கடிதம் எழுதி, இறங்கி வாருங்கள் என்று நெருக்கினார். பல ஆண்டுகள் டச்சுக்காரர்களோடு நின்ற ஆஸ்திரேலியாவும் அதற்குள் நழுவிவிட்டது.

ஆகஸ்ட் 15, நியூயார்க். ஒப்பந்தம் முடிந்தது. நிலம் ஐ.நா. வழியாக இந்தோனேசியாவின் கைக்குப் போகும், பப்புவா மக்களின் விருப்பத்தைப் பிறகு கேட்பார்கள்.

டச்சுக்காரர்கள் மேல் எனக்குப் பெரிய பரிதாபம் இல்லை. காலனி அவர்கள் சொத்தில்லை, போனது போகட்டும். எனக்கு ஆறாதது வேறு. ஒருவர் கூட்டாளியைக் கெஞ்சுகிறார், கூட்டாளி தன் கணக்கைப் பார்க்கிறார், எதிராளி துப்பாக்கியைக் காட்டுகிறார், இத்தனைக்கும் நடுவில் எந்த மண்ணைப் பற்றிப் பேசுகிறார்களோ அந்த மண்ணின் ஆள் ஒருவர்கூட அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. இதை ராஜதந்திர வெற்றி என்று சிலர் எழுதும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. போர் தவிர்க்கப்பட்டது, சரி. யாருடைய செலவில்?

இந்தோனேசியாவோடு இருப்பதா வேண்டாமா என்ற முடிவில் வயது வந்த ஆண் பெண் எல்லோருக்கும் பங்கு உண்டு என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. 1969இல் நடந்தது என்ன? சுமார் 8 லட்சம் மக்கள் இருந்த இடத்தில் ஆயிரத்துச் சொச்சம் பேரைப் பொறுக்கி எடுத்து, ராணுவத்தின் கண் முன்னால் ஊர் ஊராக உட்கார வைத்து, இந்தோனேசியாவோடு இருக்கிறோம் என்று ஒருமனதாகச் சொல்ல வைத்தார்கள். ஃப்ரீபோர்ட் என்ற அமெரிக்க நிறுவனத்துக்கு அங்கே சுரங்க ஒப்பந்தம் அதற்கு இரண்டு வருடம் முன்பே கொடுத்தாகிவிட்டது. அந்த நவம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் இந்த முடிவை ஏற்பதற்கு 84 நாடுகள் ஆதரவு, 30 நாடுகள் ஒதுங்கின, எதிர்த்து ஒரு ஓட்டுகூட இல்லை.

2001இல், ஓய்வு பெற்றுப் பல வருடம் கழித்து, நரசிம்மன் ஒரு பேட்டியில் உடைத்துச் சொன்னார்: 1969இல் நடந்தது வெறும் பூசி மெழுகல், இந்தப் பிரச்சினையைச் சீக்கிரம் தலைமுழுகிவிட வேண்டும் என்பதே அன்று ஐ.நா.வில் இருந்த மனநிலை என்று. மூன்று வருடம் கழித்து, அதே டிசம்பர் 1 அன்று, ஃபிலெப் கர்மா என்ற பப்புவாக்காரர் அந்த விடிவெள்ளிக் கொடியை ஏற்றினார். அவருக்குக் கிடைத்தது 15 வருடச் சிறைத் தண்டனை.