எல் ஃபாஷர்ல இருந்த அந்தப் பிரசவ ஆஸ்பத்திரி

சூடான் பத்தி நம்ம ஆளுங்க ரொம்ப எழுதறதில்ல. 2023 ஏப்ரல் 15 தலைநகர் கார்ட்டூம்ல அரசு ராணுவத்துக்கும் ஆர்எஸ்எஃப்னு சொல்ற துணை ராணுவப் படைக்கும் சண்டை ஆரம்பிச்சப்போ பேசினோம், ஏன்னா நம்மவங்க அங்க மாட்டிக்கிட்டாங்க, ஆபரேஷன் காவேரின்னு பேர் வச்சு கப்பல்லயும் விமானத்துலயும் 3,800 பேருக்கு மேல பத்திரமா கூட்டிட்டு வந்தாங்க, ஏர்போர்ட்ல மாலை போட்டு போட்டோ எடுத்தாங்க, அதோட டிவில நியூஸும் முடிஞ்சு போச்சு. சண்டை மட்டும் முடியல.

நான் கவர்மென்ட் ஆஸ்பத்திரி லேபர் வார்டுல ஸ்டாஃப் நர்ஸா வேலை பார்த்தவ. அதனால எந்தப் போர்னாலும் என் கண்ணு முதல்ல போறது அங்க பிரசவம் எங்க நடக்குதுங்கறதுலதான். சூடானோட மேற்குப் பக்கம் டார்ஃபூர்ல எல் ஃபாஷர்னு ஒரு ஊர், வட டார்ஃபூர் மாநிலத்தோட தலைநகர். அங்க சவுதி பிரசவ ஆஸ்பத்திரின்னு ஒண்ணு, பொம்பளைங்களுக்கான ஸ்பெஷல் ஆஸ்பத்திரி. 2024 மே மாசத்துல ஆர்எஸ்எஃப் படை ஊரைச் சுத்தி வளைச்சுது. அதே மே 11ஆம் தேதி பாபிகர் நஹர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல அரசு ராணுவத்தோட விமானம் குண்டு போட்டதுல ஐசியூ கூரை இடிஞ்சு ரெண்டு குழந்தைங்களும் கூட இருந்த ஒருத்தரும் செத்தாங்க (ரெண்டு தரப்பும் பண்ணியிருக்காங்கங்கறதுக்காக இதையும் சொல்றேன்), ஜூன்ல ஆர்எஸ்எஃப் ஆளுங்க தெற்கு ஆஸ்பத்திரிக்குள்ள புகுந்து சுட்டு கொள்ளையடிச்சதுல அதையும் மூடிட்டாங்க. அப்புறம் காயம்பட்டவங்களுக்கு ஆபரேஷன் பண்ண ஊருக்குள்ள மிச்சம் இருந்தது இந்தப் பிரசவ ஆஸ்பத்திரி மட்டும்தான். குண்டடி பட்டவன், கை கால் போனவன், வலி எடுத்து வந்தவ, எல்லாருக்கும் அந்தத் தியேட்டர்தான்.

எங்க நர்ஸுங்க வாட்ஸ்அப் குரூப்புல இதைப் போட்டப்போ ஒரு தங்கச்சி கேட்டா, "அக்கா, அவங்க எல்லாம் ஏன் அங்கயே இருந்தாங்க, தப்பிச்சுப் போயிருக்கலாம்ல?" இன்னொருத்தங்க, "தெய்வங்க அவங்க"ன்னு கை கூப்பற இமோஜி போட்டாங்க. ரெண்டுமே நல்ல மனசுல வந்ததுதான், எனக்குக் கோவம் இல்ல. ஆனா தெய்வம்னு சொல்லிட்டா அதோட நம்ம வேலை முடிஞ்சுருது பாருங்க, அதுதான் எனக்கு ஒத்துக்கல. லேபர் வார்டுல நின்னவங்களுக்குத் தெரியும், பிரசவத்தை ஒத்திப் போட முடியாது. கண் ஆபரேஷனை அடுத்த மாசம் வச்சுக்கலாம், குடலிறக்கத்தைத் தள்ளிப் போடலாம், பனிக்குடம் உடைஞ்சு வந்த பொண்ணுகிட்ட ஷெல் அடிக்கறது நிக்கட்டும் அப்புறம் வாம்மான்னு சொல்ல முடியுமா. அந்த டாக்டருங்களும் மருத்துவச்சிகளும் நர்ஸுங்களும் நின்னது அதனாலதான். அவங்க கேட்டது கும்பிடு இல்ல, டீசலும் மருந்தும் ரோடும்.

மருந்துன்னு சும்மா சொல்லிட்டுப் போனா புரியாது, கொஞ்சம் விவரமா சொல்றேன். குழந்தை வெளிய வந்த உடனே நாங்க பண்ற முதல் வேலை ஆக்ஸிடோசின் ஊசி, கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கற மருந்து. நஞ்சுக்கொடி விழுந்ததும் அடிவயித்துல கை வச்சுப் பார்ப்போம், கர்ப்பப்பை சுருங்கி கையில கல்லு மாதிரி தட்டுப்படணும். தட்டுப்படலைன்னா, கொழகொழன்னு இருந்தா, உள்ள ரத்தக்குழாய் எல்லாம் திறந்தபடியே கிடக்குன்னு அர்த்தம். அப்போ ரத்தம் ஒழுகாது, கொட்டும், பேட் மாத்த மாத்த நனையும், பத்து பதினஞ்சு நிமிஷத்துல முகம் வெளுத்து பல்ஸ் ஓட ஆரம்பிச்சுரும், ஒரு கை வயித்தைத் தேய்ச்சுக்கிட்டே இருக்கும், இன்னொருத்தி ட்ரிப் போடுவா, ஒருத்தி ரத்த வங்கிக்கு ஓடுவா. அந்த ஆக்ஸிடோசினை ரெண்டுல இருந்து எட்டு டிகிரிக்குள்ள ஃபிரிட்ஜ்ல வச்சிருக்கணும். டார்ஃபூர் வெயில்ல கரண்ட் இல்லாம கிடந்த மருந்து எவ்வளவு வேலை செய்யும்? ஊசி போட்டவளுக்கும் அது தெரியாது, ஆம்பூல் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும். ரத்த வங்கிக்கும் ஃபிரிட்ஜ் வேணும். இன்குபேட்டர், ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டர், தியேட்டர் லைட்டு, கருவி அவிக்கற ஆட்டோக்ளேவ், எல்லாமே ஜெனரேட்டர்ல வந்து நிக்குது, ஜெனரேட்டர் டீசல்ல நிக்குது, டீசல் லாரி செக்போஸ்ட்ல நிக்குது.

நமக்கு இங்க பிஎச்சில சமாளிக்க முடியலைன்னா 108ல ஏத்தி ஜிஎச், அங்கயும் முடியலைன்னா மெடிக்கல் காலேஜ். எல் ஃபாஷர்ல எங்க ரெஃபர் பண்ணுவாங்க? ஆர்எஸ்எஃப் ஆளுங்க ஊரைச் சுத்தி மண்ணை வெட்டிக் குவிச்சுக் கரை எழுப்பினாங்க, யேல் யுனிவர்சிட்டி ஆளுங்க சாட்டிலைட் படத்துல அந்தக் கரை நீள நீளப் பார்த்துக் காமிச்சாங்க. உள்ள போறதும் வெளிய வர்றதும் அவங்க இஷ்டம். பக்கத்துல ஜம்ஜம் அகதி முகாம்ல 2024 ஆகஸ்ட்லயே பஞ்சம்னு அதிகாரப்பூர்வமா அறிவிச்சாச்சு. போகப் போக ஊருக்குள்ள ஜனங்க அம்பாஸ் தின்னாங்க. கடலை ஆட்டின பிறகு மிஞ்சற பிண்ணாக்கு அது, மாட்டுக்கு வைக்கறது. நம்ம ஊர்ல ஹீமோகுளோபின் எட்டுன்னு வந்தாலே அயர்ன் ட்ரிப் போடு, முருங்கைக்கீரை சாப்பிடுன்னு விரட்டுவோம். மாசக்கணக்கா பிண்ணாக்கு தின்ன உடம்புல ரத்தம் எவ்வளவு இருக்கும், நல்ல உடம்பு தாங்கற ரத்தப்போக்கை அந்த உடம்பு எப்படித் தாங்கும்? இந்தச் சாவெல்லாம் போர்ச்சாவு கணக்குல வராது, அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. குண்டு பட்டுச் செத்தா ஒரு நம்பராவது கிடைக்கும். பிரசவத்துல ரத்தம் போய்ச் செத்தவ, ஜன்னி வந்து, வலிப்பை அடக்கற மக்னீசியம் சல்ஃபேட் கிடைக்காமச் செத்தவ, குறுக்கால கிடந்த குழந்தையோட வீட்டுலயே செத்தவ, இவங்களை யார் எண்ணினாங்க?

காஸ் துணி தீர்ந்து போய் கொசுவலையை வெட்டிக் காயத்துக்குக் கட்டினாங்கன்னு அங்க இருந்த டாக்டருங்க வெளியூர் பத்திரிகைகளுக்குச் சொன்னாங்க. அப்படித்தான் ஓட்டினாங்க. 2025 ஜனவரி 24, நோயாளிங்க நிறைஞ்சு கிடந்த நேரத்துல ட்ரோன் அடிச்சதுல அங்க சுமார் 70 பேர் செத்தாங்கன்னு உலக சுகாதார நிறுவனத் தலைவர் டெட்ரோஸ் சொன்னார், நோயாளிங்களும் கூட வந்தவங்களும். அதுக்கு அப்புறமும் அந்த ஆஸ்பத்திரி நடந்துச்சு. அக்டோபர் 26 ஊர் ஆர்எஸ்எஃப் கைக்குப் போச்சு, அன்னிக்கே ஆஸ்பத்திரி மேல ஒரு மாசத்துக்குள்ள நாலாவது தாக்குதல், ஒரு நர்ஸ் செத்துப் போனாங்க. 28ஆம் தேதி நாலு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு ஃபார்மசிஸ்ட்டைக் கடத்திட்டுப் போனாங்க, நோயாளிங்களும் துணைக்கு இருந்தவங்களுமா 460 பேருக்கு மேல ஆஸ்பத்திரிக்குள்ள கொன்னுட்டாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுச்சு. ஆர்எஸ்எஃப் நாங்க பண்ணலைன்னு மறுத்துச்சு. துணைக்கு இருந்தவங்கன்னா யாருன்னு யோசிங்க, பிரசவத்துக்கு வந்தவளோட அம்மா, மாமியார், அக்கா, நாத்தனார், ஃபிளாஸ்க்கும் துணிப்பையுமா வராந்தாவுல உட்கார்ந்திருப்பாங்களே அவங்கதான்.

ஏதோ தவறிப் போய் விழுந்த குண்டுன்னு யாராவது சொன்னா நான் நம்பத் தயாரா இல்ல. ஒரு ஊரை விட்டு ஜனங்களை விரட்டணும்னா பிரசவம் பார்க்கற இடத்தை அடிச்சாப் போதும், மாசமா இருக்கறவளும் அவ வீட்டு ஆளுங்களும் அங்க இருக்க மாட்டாங்க. சட்டம் இல்லாமலும் இல்ல. 1949 நாலாவது ஜெனீவா ஒப்பந்தம் 18ஆவது பிரிவுலயே ஆஸ்பத்திரியைத் தாக்கக் கூடாதுன்னு சொல்ற இடத்துல பிரசவத்துக்கு வந்தவங்களைத் தனியாக் குறிப்பிட்டிருக்கு, உள்நாட்டுச் சண்டைக்கும் 1977 ரெண்டாவது நெறிமுறை இருக்கு. 2024 ஜூன் 13 பாதுகாப்பு கவுன்சில் 2736ன்னு நம்பர் போட்டு முற்றுகையை எடுன்னு தீர்மானமே போட்டுச்சு. முற்றுகை அதுக்கப்புறமும் ஒரு வருஷத்துக்கு மேல நடந்துச்சு. தீர்மானம் போட்டவங்க யாரும் டீசல் லாரிக்கு முன்னாடி போய் நிக்கல.

இன்னொண்ணையும் பேசியே ஆகணும், நிறைய பேருக்குப் பிடிக்காது. ஆர்எஸ்எஃப்புக்கு ஆயுதம் ஐக்கிய அரபு எமிரேட்ஸ்ல இருந்து வருதுன்னு ஐநா நிபுணர்கள்ல இருந்து மனித உரிமை அமைப்புங்க வரைக்கும் குற்றம் சாட்டியிருக்காங்க, அந்த நாடு மறுக்குது. சூடான் கணக்குல ஏற்றுமதி ஆகற தங்கத்துல பெரும்பகுதி போறது அந்த நாட்டுக்குத்தான், ரெண்டு தரப்புக்குமே தங்கம்தான் காசு. துபாய் தங்கம்னு நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு ஆசையா வாங்கிட்டு வரச் சொல்றோம். எந்த நகையில எது கலந்திருக்குன்னு யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது, வாங்காதீங்கன்னும் நான் சொல்லல. எங்க இருந்து வந்துச்சுன்னு கடைக்காரர்கிட்ட ஒரு கேள்வியாவது கேளுங்க, நம்ம எம்பிங்ககிட்டயும் கேளுங்க, ஆபரேஷன் காவேரிக்கு அப்புறம் சூடான் விஷயத்துல இந்தியா ஐநாவுல என்ன பேசுச்சுன்னு.

எல் ஃபாஷர்ல இருந்து தப்பிச்சவங்கள்ல நிறைய பேர் 60 கிலோமீட்டர் தள்ளி தவிலாவுக்குத்தான் போனாங்க, முக்காவாசி நடந்தே. அங்க எம்எஸ்எஃப் (எல்லைகளற்ற மருத்துவர்கள்) மாதிரி அமைப்புங்க பிரசவம் பார்க்கறாங்க. பணம் அனுப்பணும்னு நினைக்கறவங்க அவங்களுக்கோ ஐநா மக்கள்தொகை நிதியத்துக்கோ அனுப்பலாம், மருத்துவச்சி, பிரசவ கிட்டு, மருந்துக்கெல்லாம் அதுல இருந்துதான் போகுது. எல் ஃபாஷர் விழுந்ததும் சண்டை சூடானோட நடுவுல இருக்கற கார்டோஃபான் பக்கம் நகர்ந்துச்சு. எல் ஒபெய்த், கடுக்லி, டில்லிங், இந்த மூணு ஊர்ப் பேரையும் நியூஸ்ல தேடிப் பாருங்க, வர்றதைத் தமிழ்ல நாலு வரி எழுதிப் போடுங்க. எல் ஃபாஷரை 500 நாளுக்கு மேல வளைச்சு வச்சிருந்தப்போ தமிழ்ல என் கண்ணுல பட்டது ரொம்பக் கொஞ்சம். அந்த 460க்கு அப்புறம்தான் எல்லாரும் ஷேர் பண்ணாங்க.