ஜூன் மாதத்து வாழ்த்துகள்

எனக்கு வருடத்துக்கு இரண்டு பிறந்தநாள். ஒன்று, ஆவணியில் அம்மா பெற்ற நாள். இன்னொன்று, ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் தன் வசதிக்கு எழுதிக்கொண்ட ஜூன் மாதத் தேதி. என் வயதுக்காரர்கள் பலருக்கும் இதே கதைதான்.

ஜூன் வந்தால் வங்கி, நகைக்கடை, செருப்புக்கடை, எப்போதோ பல் பிடுங்கிய கிளினிக் என்று வரிசையாக வாழ்த்துக் குறுஞ்செய்தி வரும். இனிஷியலோடு என் பெயரைச் சொல்லி அழைத்து, கூடவே பத்து சதவீதத் தள்ளுபடியும் தருவார்கள். ஒரு வருடம் பெயர் வரவேண்டிய இடத்தில் வெறும் அடைப்புக்குறி வந்திருந்தது. இதற்குத்தான் மார்க்கெட்டிங்காரர்கள் 'பெர்சனல் டச்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

யாருடைய பெயரையும் கேட்காமலே ஆட்களைத் தெரிந்து வைத்திருந்த ஒருவர் உண்டு. கடலூர்க்காரர் சி.கே. ரங்கநாதன். பாக்கெட் ஷாம்புவுக்கு முன்னோடி என்று சொல்லப்படும் சின்னி கிருஷ்ணனின் மகன். குடும்பத் தொழிலிலிருந்து விலகி, 1983இல் 15,000 ரூபாயை வைத்து சிக் ஷாம்புவைத் தொடங்கினார். பின்னாளில் கெவின்கேர் ஆனது அந்தத் தொழில்தான்.

அப்போது கிராமங்களில் சீயக்காய்தான். ஷாம்பு பட்டணத்துச் சங்கதி. இவர்கள் ஊர் ஊராகப் போய் ஒரு பையனை உட்காரவைத்து, எல்லார் முன்னாலும் ஷாம்பு போட்டுத் தலையை அலசிவிட்டார்கள். அப்புறம் கூடியிருந்தவர்களை அந்த முடியைத் தொட்டுப் பார்க்கவும் மோந்து பார்க்கவும் சொன்னார்கள். ரஜினி படம் திரையிட்டு, நடுவில் விளம்பரம் காட்டி, படம் முடிந்து கிளம்புகிறவர்கள் கையில் ஒரு இலவச பாக்கெட்டையும் கொடுத்தார்கள். புதுப் பொருளைக் கண்டு தயங்குகிறவருக்கு விளக்க நோட்டீஸ் எதற்கு? பக்கத்து வீட்டுப் பையனின் தலை போதும்.

எனக்குப் பிடித்தது காலி பாக்கெட் திட்டம். எந்தக் கம்பெனி ஷாம்புவாக இருந்தாலும் சரி, ஐந்து காலி பாக்கெட் கொடுத்தால் ஒரு சிக் இலவசம். ஜனங்கள் பழகிய பிறகு, சிக் பாக்கெட் மட்டும்தான் செல்லும் என்று மாற்றிவிட்டார்கள். கில்லாடி வேலை! மாதம் 35,000 ரூபாய்க்கு விற்ற இடத்தில் 12 லட்சம் ரூபாய்க்கு விற்றதாக அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். அடுத்து மல்லிகை, ரோஜா வாசனைகளில் கொண்டுவந்தார்கள். குளித்ததும் பூ வைத்துக்கொள்கிற தலைக்கு வேறென்ன வாசனை பிடிக்கும்? அந்தத் தலைக்காரியின் பெயர் கம்பெனிக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

பெயர் போட்டே ஜெயித்தவர்களும் இருக்கிறார்களே என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். 2011இல் ஆஸ்திரேலியாவில் கோககோலா 150 பொதுவான பெயர்களை பாட்டிலில் அச்சடித்தது. அங்கே கம்பெனி என்னைத் தெரிந்ததுபோல நடிக்கவில்லை. தோழியின் பெயரைக் கடையில் தேடி எடுத்து அவளிடம் நீட்டுவது நாம்தான். பாசம் நம்முடையது, பாட்டில் மட்டும் அவர்களுடையது. நம் ஊர்க் கம்பெனிகள் அதில் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிட்டார்கள் என்பது என் எண்ணம்.

இந்த ஜூனில் எனக்கு ஏழு வாழ்த்துகள் வந்தன. இன்று என் பிறந்தநாளே இல்லை என்று ஒன்றுக்காவது பதில் போடலாம் என்று உட்கார்ந்தேன். "இந்த எண்ணுக்குப் பதில் அனுப்ப வேண்டாம்" என்று கீழேயே போட்டிருந்தார்கள்.