அமெரிக்காவில் 21 வயதுக்குள் மதுவைத் தொட்டாலே குற்றமா?

"அமெரிக்காவில் 21 வயது ஆகாதவர் மதுவைத் தொட்டாலே மத்திய அரசின் சட்டப்படி குற்றம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறு.

குடிக்கும் வயதை முடிவு செய்வது அந்தந்த மாநிலம்தான். 1984-இல் மத்திய அரசு செய்தது வேறு. 21 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் மது வாங்க அனுமதிக்கும் மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பங்கு கிடையாது என்றது. தடை இல்லை, ஆனால் மடியில் கை வைத்த மாதிரி! தெற்கு டகோட்டா வழக்குப் போட்டு 1987-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. அப்புறம் மிச்சமிருந்த மாநிலங்களும் வழிக்கு வந்தன.

சரி, தொட்டாலே குற்றமா? விஸ்கான்சின் மாநிலத்தில் அப்பாவோ அம்மாவோ கூட உட்கார்ந்திருந்தால் 17 வயதுப் பையனுக்கும் பாரில் பீர் ஊற்றலாம். ஊற்ற மறுக்கவும் கடைக்காரருக்கு உரிமை உண்டு.