"எம்சி இருக்கா?"

ராத்திரி ரெண்டு மணிக்கு அம்மாவுக்கு மூச்சுத்திணறல். கிள்ளானில், அவசரப் பிரிவு வாசலில் உட்கார்ந்தபடி மேனேஜருக்கு வாட்ஸப் போட்டேன். காலையில் பதில் வந்தது: "ஓகே. ரிப்போர்ட்டை யார் முடிப்பாங்க?"

அம்மா எப்படி இருக்காங்கன்னு ஒரு வரி கேட்டா காசா பணமா?

மறுநாள் கேடிஎம் ரயிலில் நின்றுகொண்டே கேஎல் சென்ட்ரல் வந்து, பிரிக்பீல்ட்ஸ் ஆபீசுக்குள் நுழைந்ததும் அடுத்த கேள்வி. "எம்சி இருக்கா?" எம்சின்னா டாக்டர் தரும் மருத்துவச் சான்றிதழ். நோயாளி அம்மா, எனக்கு எப்படி எம்சி கிடைக்கும்! ஆண்டு லீவில் ஒரு நாள் கழிந்தது. மலேசிய வேலைச் சட்டத்தைத் திருத்தி, 2023 முதல் வார வேலை நேரத்தை 48-லிருந்து 45 மணியாக்கினார்கள், அப்பாவாகிறவர்களுக்கு 7 நாள் லீவு தந்தார்கள். நல்லதுதான். ஆனால் பெத்தவளைப் பார்த்துக்கொள்ள அதில் தனி லீவு கிடையாது. அங்கே மேலதிகாரியின் மனசுதான் எல்லாம்.

முன்பிருந்த சூப்பர்வைசர் அக்கா இப்படியா? அப்பா தவறிய வாரம் நாசி லெமாக் பொட்டலத்தை மேசையில் வைத்து, "சாப்பிடுப்பா, மத்ததை நான் பாத்துக்கிறேன்"னு சொன்னவங்க. அவங்களுக்காகத் தீபாவளிக்கு முந்தின ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து கணக்கு முடித்தேன், மனசார.

நேற்று ஆறு மணிக்கு இந்த மேனேஜர், "கொஞ்சம் இருக்க முடியுமா?" என்றார். பையை எடுத்துக்கொண்டு லிப்டுக்கு நடந்துவிட்டேன்.