ஹம்ப்ரியை யாரும் கொல்லவில்லை

பிரிட்டிஷ் பிரதமர் இல்லத்துப் பூனை ஹம்ப்ரியை, டோனி பிளேரின் மனைவி செரீ ஆள்வைத்துக் கொன்றுவிட்டார் என்ற பழைய கதை இன்னும் சுற்றுகிறது. தவறு. 1989-இல் தெருப்பூனையாக வந்து, எலி பிடிக்கும் வேலையில் அமர்ந்த ஹம்ப்ரிக்குச் சிறுநீரகக் கோளாறு இருந்தது. அதனால்தான் 1997 நவம்பரில் ஓய்வு கொடுத்து வேறு வீட்டுக்கு அனுப்பினார்கள். பிளேர் குடும்பம் குடிவந்து ஆறே மாதம். வதந்தி கிளம்பக் கேட்கவா வேண்டும்! கன்சர்வேட்டிவ் எம்.பி. ஆலன் கிளார்க்கே சந்தேகம் கிளப்பினார். சரி என்று, நிருபர்களைத் தெற்கு லண்டனுக்குக் கூட்டிப்போய், அன்றைய செய்தித்தாள்களோடு பூனையைப் படமெடுக்க விட்டார்கள். கடத்தல்காரர்கள் பிணைக்கைதியைப் படம் பிடிப்பது போலத்தான்! ஹம்ப்ரி இறந்தது 2006-இல். அப்போதும் பிளேர்தான் பிரதமர்.